கார் இன்சூரன்ஸ் செட்டில் பண்ண மாட்டேங்குது, அம்ப்ரெல்லா கம்பெனிக்கு இப்பவே சொல்லணுமா?

கேள்வி: கலிஃபோர்னியால இருக்கேன் சார். கார் பாலிசில லயபிலிட்டி லிமிட் (அடிபட்டவங்களுக்கு கம்பெனி கட்டற உச்ச தொகை) 2.5 லட்சம் டாலர், அதுக்கு மேல போனா கட்டறதுக்கு வேற கம்பெனில 10 லட்சம் டாலருக்கு அம்ப்ரெல்லாங்கற கூடுதல் பாலிசி. என் தப்பால ஒரு ஆக்சிடென்ட், அடிபட்டவரோட வக்கீல் 2.4 லட்சத்துக்கு முடிச்சுக்கலாம்னு லெட்டர் போட்டிருக்கார், ஆனா கார் இன்சூரன்ஸ் கம்பெனில கிளெய்ம பாக்கற அட்ஜஸ்டர் கோர்ட்ல பாத்துக்கலாம்ங்கறார். தீர்ப்பு பெருசா வந்தா அம்ப்ரெல்லா தானே கட்டும், விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க. அந்த லெட்டரோட காப்பிய இன்னைக்கே அம்ப்ரெல்லா கம்பெனிக்கு மெயில்ல அனுப்புங்க, போன்ல சொன்னேன்ங்கறது நாளைக்கு நிக்காது.

உங்க அட்ஜஸ்டர் யார் காச வெச்சு ஆடறார்னு பாருங்க. அவர் கம்பெனிக்கு நஷ்டம் எப்படியும் 2.5 லட்சத்தோட நின்னுடும்னு நெனைக்கறார், மேல போறது அடுத்தவன் தலைல. இந்த வேலை நடக்கக்கூடாதுன்னு தான் கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் 1958லயே, லிமிட்டுக்குள்ள வந்த நியாயமான ஆஃபர தட்டிக்கழிச்சா லிமிட்ட தாண்டின தீர்ப்புக்கும் அந்த கம்பெனியே பொறுப்புன்னு சொல்லிடுச்சு. 7 லட்சம்னு தீர்ப்பு வந்து அம்ப்ரெல்லா 4.5 லட்சம் கட்டுச்சுன்னு வைங்க, அவங்க உங்க எடத்துல நின்னு கார் கம்பெனி மேல கேஸ் போட்டு அத திரும்ப கேக்கலாம். இதுக்குப் பேரு சப்ரோகேஷன், டெக்சாஸ்லயும் 1992ல இருந்து இது செல்லும்.

ஆனா அவங்க கேக்கறது உங்களோட உரிமைய தான், தனியா அவங்களுக்குன்னு ஒண்ணு இல்ல. அதனால கார் கம்பெனி ஏதாவது ரிலீஸ் பேப்பர (இனி கம்பெனி மேல எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதிக் குடுக்கறது) நீட்டுனா வக்கீல்ட்ட காட்டாம கையெழுத்து போட்றாதீங்க, அந்த உரிமையே போயிடலாம், அப்புறம் அம்ப்ரெல்லா கம்பெனி உங்க மேலயே பாயும்.

இப்பவே தெரிஞ்சா அம்ப்ரெல்லாக்காரங்களே "லிமிட்டுக்குள்ள முடி"ன்னு கார் கம்பெனிக்கு காட்டமா எழுதுவாங்க, ஹாமர் லெட்டர்னு சொல்றது, பல எடத்துல கேஸே அதோட முடிஞ்சிடும். லேட்டா சொன்னீங்கன்னா அவங்களுக்கு தகராறு பண்ண நீங்களே காரணம் எடுத்து குடுத்த மாதிரி. தீர்ப்பு 12.5 லட்சத்த தாண்டிச்சுன்னா கோர்ட் ஆர்டர்ல இருக்கறது உங்க பேரு தான் சார், மொதல்ல உங்க வீட்டையும் சம்பளத்தையும் தான் தேடி வருவாங்க. வக்கீல் லெட்டர்ல ஆஃபருக்கு கெடு தேதி போட்டிருக்கும், அதப் பாருங்க.