ஜெர்மனி வேலைக்கு நம் ஊர்ப் பட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் தனியார் கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். ஜெர்மனி விசாவுக்காக 'அனபின்' தளத்தில் தேடினால் கல்லூரிப் பெயரே இல்லை. பணம் கட்டினால் சேர்த்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அனபின், ஜெர்மன் மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு நடத்தும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் பட்டங்களையும் மதிப்பிட்டுக் காட்டும் தரவுத்தளம். பார்ப்பது இலவசம், காசு வாங்கிக்கொண்டு அதில் பெயர் சேர்க்க ஏஜென்டால் முடியாது. உங்களுக்குப் பட்டம் கொடுத்தது கல்லூரி அல்ல, பல்கலைக்கழகம். பட்டச் சான்றிதழின் தலைப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதைத் தேடுங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்களுக்கும் இதேதான்.

பல்கலைக்கழகத்துக்கு நேரே 'எச் பிளஸ்' (H+) என்று இருந்தால் நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டது. பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். பட்டத்தையும் தனியாகத் தேடி, 'எண்ட்ஷ்ப்ரிக்ட்' (entspricht, பொருந்துகிறது) அல்லது 'க்ளைஷ்வெர்ட்டிக்' (gleichwertig, இணையானது) என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கங்களையும் அச்செடுத்து விசா விண்ணப்பத்தோடு வையுங்கள்.

பட்டத்தின் பெயர் பொருந்தவில்லை, அல்லது நிறுவனத்துக்கு 'எச் பிளஸ் மைனஸ்' (H+/-, ஒவ்வொரு பட்டத்தையும் தனியாகப் பார்க்க வேண்டிய நிறுவனம்) என்று வருகிறது என்றால், வெளிநாட்டுக் கல்வித் தகுதிகளை மதிப்பிடும், பான் நகரிலுள்ள இசட்.ஏ.பி. (ZAB) அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 208 யூரோ. புரொவிஷனல் சான்றிதழை மட்டும் நம்பி இறங்காமல், பட்டமளிப்புச் சான்றிதழை முதலில் வாங்கிவிடுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். சான்றிதழில் 'கே. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் கருப்பசாமி' என்றிருந்தால், இருவரும் ஒருவர்தானா என்ற கேள்வி வரும். தந்தை பெயருள்ள பிறப்புச் சான்றிதழையும், நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரத்தையும் தயாராக வைத்திருங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள் நான். எனக்கும் இந்தத் தளமே போதுமா?

பதில்: போதாது. நர்சிங் அங்கே சட்டப்படி அங்கீகாரம் பெற்றே செய்ய வேண்டிய தொழில். வேலை கிடைக்கும் மாநிலத்தின் அங்கீகார அலுவலகம்தான் முடிவு செய்யும். உங்கள் பாடத்திட்டத்தைப் பாடவாரியாக, மணிக்கணக்கில் ஒப்பிடுவார்கள். மதிப்பெண் பட்டியலில் மணிக்கணக்கு இருக்காது என்பதால்தான் பல விண்ணப்பங்கள் இழுத்தடிக்கின்றன. வகுப்பு நேரம், வார்டு பயிற்சி நேரம் இரண்டையும் பிரித்துக் காட்டும் பாடத்திட்டத்தைக் கல்லூரி முத்திரையுடன் ஊரிலிருக்கும்போதே வாங்குங்கள். அங்கே போன பிறகு இதற்காகக் கல்லூரிக்கு அலைய ஆள் தேட வேண்டியிருக்கும். குறை இருப்பதாகக் கடிதம் வந்தால் அது நிராகரிப்பு அல்ல. தகவமைப்புப் பயிற்சி அல்லது அறிவுத் தேர்வு, இரண்டில் ஒன்றை முடித்தால் முழு அங்கீகாரம். ஜெர்மன் மொழியில் பொதுவாக பி2 (இடைநிலையின் மேல்படி) நிலை கேட்பார்கள்.

கேள்வி: சி.ஜி.பி.ஏ.வை ஜெர்மன் மதிப்பெண்ணாக ரெஸ்யூமேயில் மாற்றி எழுதலாமா?

பதில்: '8.0/10' என்று உள்ளபடியே எழுதி, மாற்றியதைப் பக்கத்தில் தாருங்கள். அங்கே 1 தான் உச்சம், 4 தேர்ச்சி எல்லை. உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3 ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 8.0 என்பது 2.2 ஆகும். பட்டத்தின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். 'பேச்சலர் ஆஃப் இன்ஜினியரிங்' என்பதை 'டிப்ளோம் இஞ்செனியூர்' என்ற ஜெர்மன் பொறியியல் பட்டமாகப் போட்டால், உரிமையில்லாத பட்டப் பெயரைப் பயன்படுத்திய குற்றமாகிவிடும்.