கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் மேகம் வெளுத்துப்போகிறதே?

கேள்வி: மலை, பள்ளத்தாக்குப் படங்கள் எடுக்கிறேன். கணினியில் பார்த்தால் சோகையாக இருக்கின்றன. கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் மேகம் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது, மரங்கள் கருத்துப்போகின்றன. ஒரு ப்ரீசெட் தொகுப்பை வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ப்ரீசெட் என்பது யாரோ ஒருவர் தன் படத்துக்காக நகர்த்திய ஸ்லைடர்களின் எண்கள், அவ்வளவுதான். அவர் படத்தில் வெயில் எந்தப் பக்கம் இருந்தது, உங்கள் படத்தில் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்த எண்களுக்குத் தெரியாது. அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பது மாதிரிதான். விளம்பரத்தில் வரும் ‘முன், பின்’ ஜோடியையும் நம்பாதீர்கள். எந்தத் திருத்தமும் செய்யாத ரா ஃபைல் (கேமரா சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இயல்பிலேயே வெளிறித்தான் தெரியும். அதை ‘முன்’ என்று வைத்தால் எந்த ‘பின்’னும் ஜொலிக்கும்.

இப்போது உங்கள் மேகத்துக்கு வருவோம். கான்ட்ராஸ்ட் ஸ்லைடர் வெளிச்சத்தை மேலும் வெளிச்சமாக்கும், இருட்டை மேலும் இருட்டாக்கும். வானம் ஏற்கெனவே வெளிச்சம், மர நிழல் ஏற்கெனவே இருட்டு. அழுத்தம் தேவைப்படுவது நடுவில் இருக்கும் மலைச்சரிவுக்கு. நீங்கள் மொத்தப் படத்தையும் இழுக்கிறீர்கள். இந்த ஸ்லைடரைக் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்கும் மென்பொருள்காரர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அதைப் பூஜ்யத்திலேயே விடுங்கள். முதலில் எக்ஸ்போஷர், அதாவது மொத்தப் படத்தின் வெளிச்ச அளவு. அப்புறம் மேகத்தில் விவரம் தெரியும்வரை ஹைலைட்ஸை (வெளிச்சப் பகுதிகளை) குறையுங்கள். ஷேடோஸை (நிழல் பகுதிகளை) கொஞ்சம் ஏற்றுங்கள். உங்கள் எடிட்டிங் மென்பொருள் லைட்ரூம் என்றால் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே வைட்ஸ் (மிக வெளிச்சமான முனை), பிளாக்ஸ் (மிக இருண்ட முனை) இரண்டையும் நகர்த்துங்கள். புள்ளிகள் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்; அதைத் தாண்டினால் விவரம் தொலையும். இதற்குள் படம் சற்றுத் தட்டையாகியிருக்கும், பயப்பட வேண்டாம். டோன் கர்வில் (இருட்டு முதல் வெளிச்சம்வரை அளவை மாற்றும் வளைகோட்டில்) லேசான ‘எஸ்’ வளைவு போட்டால் நடுப்பகுதிக்கு உயிர் வந்துவிடும். வானம் இன்னும் அடங்கவில்லையென்றால் அதற்கு மட்டும் தனி மாஸ்க் போடுங்கள், அதாவது அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்துங்கள்.

மங்கலைத் துடைக்கும் டீஹேஸ் ஸ்லைடர் பற்றி ஒரு வார்த்தை. தூரத்து மலை மங்கி நீலமாகத் தெரிவது காற்று ஒளியைச் சிதறடிப்பதால். அந்த மங்கல்தான் படத்துக்குத் தூரத்தைக் கொடுக்கிறது. முழுவதும் துடைத்தால் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலை கொல்லைப்புறத்துக்கு வந்துவிடும். தூரத்து மலைக்கு மட்டும் மாஸ்க் போட்டுக் கொஞ்சமாகக் கொடுங்கள்.

இதெல்லாம் ரா ஃபைலில்தான் நன்றாக நடக்கும். ஜேபெக்கில் (பதப்படுத்திச் சுருக்கிய வழக்கமான படக் கோப்பில்) ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. ஜேபெக்கில் முழுதாக வெளுத்துவிட்ட மேகத்தைக் குறைத்தால் விவரம் வராது, சாம்பல் பூச்சுதான் வரும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்: பனிமூட்டம். ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை பரவியிருக்க வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் ஓதுகிறார்கள். பனிமூட்டத்தில் உண்மையான கருப்பு கிடையாது, சுத்த வெள்ளையும் அபூர்வம். அதனால் ஹிஸ்டோகிராம் நடுவில் குவிந்துதான் இருக்கும், இருக்கட்டும். அதை இரண்டு ஓரத்துக்கும் இழுத்தால் மூட்டம் போய் அழுக்குப் புகை மிஞ்சும். ‘ஆட்டோ’ பொத்தான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறது. வைட்ஸ், பிளாக்ஸ் இரண்டையும் தொடாதீர்கள். கேமராவின் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் கருவி) வெள்ளை மூட்டத்தைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை மட்டும் சற்று ஏற்றுங்கள். பக்கத்தில் ஒரு மரமோ பாறையோ மூட்டத்துக்கு வெளியே நின்றால் அதற்கு மட்டும் மாஸ்க்கில் கருப்பு கொடுக்கலாம். பாதி மூடிய மரத்துக்கு வேண்டாம். மூட்டம் மெல்லியதாக இருந்து பின்னால் வெயில் வந்துவிட்டால் அது பனிமூட்டப் படமே அல்ல, மேலே சொன்ன முறைக்கே திரும்புங்கள்.

உங்கள் படம் உண்மையிலேயே சோகையா என்றும் யோசியுங்கள். இன்றைய கைப்பேசிகள் எடுக்கும்போதே நிழலைத் தூக்கி, நிறத்தை ஏற்றிக் கொடுக்கின்றன. அதையே தினமும் பார்த்த கண்ணுக்குச் சாதாரண மாலை வெளிச்சம்கூடக் குறையாகத் தெரிகிறது. யாரும் கேட்காமலேயே நம் ரசனையைத் திருத்திவிட்டார்கள்.

பிரிண்ட் போடுவதாக இருந்தால் எடிட் செய்யும்போது திரை வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். முழு வெளிச்சத்தில் திருத்திய படம் காகிதத்தில் இருண்டு வரும். லேபில் ‘ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று சொல்லி, ஆர்டரிலும் எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் அடக்கிய மேகத்தை அவர்களின் இயந்திரம் மறுபடி வெளுத்துக் கொடுக்கக்கூடும். முதலில் சிறிய பிரதி ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பெரியதற்குப் பணம் கட்டுங்கள்.