ஹாஸ்கெல் நிரல்மொழியில் பெரிய பட்டியலைக் கையாண்டால் நினைவகம் ஏன் நிரம்பிவிடுகிறது? தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் சோம்பல் மதிப்பீடு அதைச் சேமிக்கும் என்றார்களே?

நீங்கள் சராசரி கணக்கிடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கூட்டுத்தொகையை நீளத்தால் வகுக்கும் ஒற்றை வரி, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நீளத்தை எண்ண அதே பட்டியல் மீண்டும் தேவை என்பதால், கூட்டல் முடியும்வரை, தேவையற்ற நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் ஓர் உறுப்பைக்கூடத் தொட முடியாது.

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் இடத்தில், மரண அறிவித்தல் தொகுப்பொன்றின் சராசரிச் சொல் நீளத்தைக் கணக்கிடும் நிரல் இப்படித்தான் படுத்துக்கொண்டது. கோப்பு 90 எம்பிதான். "தம்பி, பைத்தானுக்கு மாற்றிவிடும்" என்றார் முகாமையாளர். எனக்குச் சுரீர் என்றது. ஹாஸ்கெலின் ஸ்ட்ரிங் என்பது எழுத்துகளின் பட்டியல். 64 பிட் கணினியில் அந்தப் பட்டியலின் கண்ணி ஒன்றுக்கு 24 பைட். ஆங்கில எழுத்தானால் அதோடு சரி. அவற்றை ஹாஸ்கெல் தொகுப்பியான ஜிஎச்சி முன்பே செய்து வைத்துப் பகிர்ந்துகொள்கிறது. தமிழுக்கு அந்தச் சலுகை இல்லை, இன்னும் 16 பைட். யூடிஎஃப்-8 குறியாக்கக் கோப்பில் 3 பைட்டாக இருந்த எழுத்துக் குறியீடு 40 பைட் ஆகிறது. 'கா' என்று எழுதினாலே இரண்டு குறியீடுகள். ஆக 90 எம்பி ஏறத்தாழ 1.2 ஜிபி, சேகரிப்பான் நகலெடுக்கும்போது அதிலும் இருமடங்கு.

எழுத்துகளை நெருக்கமாக அடுக்கி வைக்கும் டெக்ஸ்ட் நூலகத்துக்கு மாற்றி, வரி வரியாகப் படித்து, இரண்டு கணக்கையும் ஒரே நடையில் முடித்தேன். ஒவ்வொரு படியிலும் உடனே கணக்கிட்டுச் செல்லும் ஃபோல்ட்எல்-பிரைம் (foldl') போட்டால் போதும் என்பார்கள். போதாது. அது கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் கொண்ட சோடியின் வெளியுறையை மட்டுமே பிரிக்கும். உள்ளே இரண்டு எண்களும் கூட்டப்படாத கூட்டல்களாக நீண்டுகொண்டே போகும். இரண்டின் முன்னாலும், 'உடனே கணக்கிடு' என்று சொல்லும் ஆச்சரியக்குறி போட்டேன். சில எம்பியில் வேலை முடிந்தது.

'தொகுப்பிக்கு மைனஸ் ஓ2 (-O2) என்ற மேம்படுத்தல் விருப்பம் கொடுத்தால் தானாகச் சரியாகிவிடும்' என்று எழுத வருகிறவர்களுக்கு: வெறும் கூட்டலுக்குச் சரியாகும், இரண்டு நடையை அது ஒன்றாக்கித் தராது. பைத்தான்மீது எனக்குப் பகை எதுவும் இல்லை, சம்பளத்தில் பாதி அதில்தான் வருகிறது.

அதற்கு முன்பே கூடுதல் ரேம் கேட்டிருந்தேன். 2022இல் ரூபா விழுந்த கதையைச் சொல்லி மறுத்தார்கள். அடுத்த வாரமே கூட்ட அறைக்குத் தோல் உறை போட்ட சுழல் நாற்காலிகள் வந்து இறங்கின. அவற்றை எந்த நாணயத்தில் வாங்கினார்களோ!

உங்கள் நிரலை -rtsopts கொடுத்துத் தொகுத்து, பிளஸ் ஆர்டிஎஸ் மைனஸ் எஸ் (+RTS -s) என்று சேர்த்து ஓட்டுங்கள். மொத்த ஒதுக்கீடு பல ஜிபி காட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருந்த உச்ச நினைவகத்தைச் சொல்லும் 'மாக்ஸிமம் ரெசிடென்சி' வரியைப் பாருங்கள். கோப்பை இருமடங்காக்கும்போது அதுவும் இருமடங்கானால், பெரும்பாலும் பட்டியலின் தலையை ஏதோ ஒரு பெயர் பிடித்திருக்கிறது. அந்தப் பெயர் இரண்டாவது முறை வரும் இடத்தைத் தேடுங்கள்.