வகுப்பறையில் மீன்தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் அறையில் சென்ற ஆண்டு இரண்டடி நீளத்தில் மீன்தொட்டி ஒன்று வைத்தோம். கிணற்று நீரை நிரப்பி, மறுநாளே எட்டுத் தங்கமீன்களை விட்டோம். தண்ணீர் கடைசிவரை தெளிவாகவே இருந்தது. ஆனாலும் பத்து நாள்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக எல்லா மீன்களும் செத்துவிட்டன. எங்கே தவறினோம்? மீண்டும் முயல விரும்புகிறோம்.
— அறிவியல் ஆசிரியை ஒருவர், தக்கலை

பதில்: அந்தத் தெளிவான தண்ணீர்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. தின்னாமல் மிஞ்சும் தீனியும் கழிவும் அழுகி அதை இன்னும் கூட்டுகின்றன. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது என்பதால், மீனைக் கொல்லும் அளவுக்குச் சேர்ந்த பிறகும் தண்ணீர் பளிங்காகவே தெரியும். நன்கு பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொருவகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான். நைட்ரேட் மிகுதியாகத் தேங்காதவரை பெரிய கேடு செய்வதில்லை. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். நீங்கள் கொடுத்ததோ ஒரே நாள். போதாக்குறைக்கு, தங்கமீன் ஒரு சாண் நீளம்வரை வளர்ந்து, ஏராளமாகக் கழிவு விடக்கூடிய மீன். இரண்டடித் தொட்டிக்கு எட்டு மிக அதிகம்.

ஆகவே இம்முறை முதல் மாதம் முழுவதும் மீனே இல்லாத தொட்டியை வையுங்கள். மாணவர்கள் முணுமுணுப்பார்கள் என்பது தெரியும். ஆனால் என்னைக் கேட்டால், ஓர் அறிவியல் வகுப்புக்கு அந்த ஒரு மாதம்தான் தொட்டியின் மிகச் சிறந்த பகுதி. நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன்தீனியைத் தண்ணீரில் போட்டு அழுகவிடுங்கள். வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் சோதனைக் கரைசல்களைக் கொண்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்று பொருள்களின் அளவையும் மாணவர்களே பார்த்து வரைபடத்தாளில் குறிக்கட்டும். முதலில் அம்மோனியாவின் கோடு ஏறி இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கியபின் நைட்ரேட் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பாடநூலில் வெறும் அம்புக்குறிகளாகப் பார்த்த நைட்ரஜன் சுழற்சியைத் தங்கள் கையால் வரைந்த கோடுகளில் காண்பார்கள். தீனி போட்டுவந்தும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து சுழியமாக இருந்தால் தொட்டி பழகிவிட்டது என்று பொருள். அப்போதும் ஐந்தாறு கப்பி மீன்களோடு தொடங்குவதே நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை, ஜன்னல் வெயில் படாத சுவரோரம் ஏற்றது. வெயில் பட்டால் பாசி பிடித்துவிடும். 60 × 30 × 30 செ.மீ. தொட்டியில் 45 லிட்டர் நீர் ஊற்றினால், மணலும் கண்ணாடியும் சேர்ந்து ஏறத்தாழ 65 கிலோ எடை வரும். சாதாரண மாணவர் மேசை அதைத் தாங்காது. உறுதியான இரும்புத் தாங்கியில் தெர்மாகோல் விரித்து வையுங்கள். காற்று மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே பொருத்துவது கட்டாயம். இரண்டு பருவமழைகளும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மின்தடைக்குப் பஞ்சமில்லை. கீழே இருக்கும் மோட்டார் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியாகப் பின்னோக்கி வழிந்து மின்கருவிக்குள் புகுந்துவிடும்.

பள்ளிக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் இடுகிறார்களா என்று விசாரியுங்கள். இட்டிருந்தால், நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தபின் ஊற்றுங்கள். குளோரின் மீனை மட்டுமல்லாமல் பாக்டீரியாவையும் கொல்லும். அந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வடிகட்டும் ஸ்பாஞ்சிலும் மணலிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. எனவே ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவிவிடாமல், வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றும்போது, வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே அலசுங்கள். மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். அழகாக இருக்கிறதே என்று யாரேனும் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலை அள்ளி வந்தால் ஏற்காதீர்கள். அதில் கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, உப்பும் சிப்பித்தூளும் வேறு.

கேள்வி: கடல் பக்கத்திலேயே இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளியில் கடல்நீரையே நிரப்பிக் கடல்மீன் வளர்த்தால் என்ன?
— பெற்றோர் ஒருவர், குளச்சல்

பதில்: முதல் தொட்டிக்கு வேண்டாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தங்கிவிடுவதால் சிறிய தொட்டியில் நாளுக்கு நாள் உவர்ப்பு ஏறும். அதை அளந்து நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய விடுமுறை நாளிலும் ஆள் வேண்டும். நன்னீர் மீன்களோ, சனி, ஞாயிறு இரண்டு நாளும் தீனியே இல்லாமல் நலமாக இருக்கும்.

கேள்வி: எங்கள் வகுப்புத் தொட்டியில் கப்பி மீன்கள் பெருகிவிட்டன. மிஞ்சியவற்றை ஊர்க் குளத்தில் விடலாமா?
— பத்தாம் வகுப்பு மாணவர், தேரூர்

பதில்: கூடவே கூடாது, தம்பி. கப்பி தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன். குளத்தில் நிலைத்துவிட்டால் நம் சிறுமீன்களின் இரையைப் பங்குபோடும், அவற்றின் குஞ்சுகளையும் தின்னும். உன் ஊர்க் குளமோ 2022இல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதியைச் சேர்ந்தது. வண்ண வாலுடைய சிறிய ஆண் மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிடு. ஆனால் உடனே பலன் எதிர்பார்க்காதே. பெண் கப்பி ஆணின் விந்தணுவை உடலில் சேமித்து வைத்துக்கொண்டு, பிரித்த பிறகும் சில மாதங்கள் குஞ்சு ஈனும். அதுவரை மிஞ்சுவதை வண்ணமீன் கடையில் கொடுத்துப் பார். பதிலுக்கு ஒரு பொட்டலம் தீனி கிடைத்தாலும் லாபம்தான்.