அமெரிக்க கம்பெனிக்கு வீட்ல இருந்தே வேலை, டாக்ஸ் யார் கட்டணும்?

வாசகி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "அமெரிக்க கம்பெனி ஒண்ணு கான்ட்ராக்ட்ல சாஃப்ட்வேர் வேலை தர்றாங்க, இந்தியாவுல இருந்தே செய்யலாம், மாசம் நம்ம காசுக்கு ரெண்டு லட்சம் வரும். 'டாக்ஸ் எதுவும் பிடிக்க மாட்டோம், டபிள்யூ-8பென் மட்டும் ஃபில் பண்ணி அனுப்புங்க'ன்னு சொல்றாங்க. அப்ப டாக்ஸே இல்லையா? ஜிஎஸ்டி எடுக்கணும்னு வேற ஃப்ரெண்ட் சொல்றா. இருக்கிற வேலைய விடலாமா?"

அவங்க பிடிக்க மாட்டாங்க, அவ்வளவுதான், டாக்ஸ் இருக்கு, அத நீங்களே இங்க கட்டணும். பணம் எந்த நாட்டுல இருந்து வருதுங்கிறத விட நீங்க எங்க உக்காந்து வேலை செய்றீங்கங்கிறதுதான் முக்கியம், அமெரிக்க சட்டப்படியே அந்த நாட்டுக்கு வெளிய இருந்து செய்ற வேலைக்கு வர்ற காசு அமெரிக்க வருமானம் கிடையாது. அதைச் சொல்ற பேப்பர்தான் டபிள்யூ-8பென். பேரு, குடியுரிமை, வீட்டு அட்ரஸ் எழுதி, 6ஏங்கிற கட்டத்துல உங்க பான் நம்பர போட்டு கையெழுத்து போட்டு கம்பெனிகிட்டயே குடுத்துடணும், அமெரிக்க வரி ஆபீசுக்கு அனுப்ப வேண்டியதில்ல. 2026ல கையெழுத்து போட்டா 2029 டிசம்பர் 31 வரைக்கும் செல்லும். ஒண்ணு மட்டும் கவனம், டூரிஸ்ட் விசால அங்க போயிருக்கும்போது லேப்டாப்ப திறந்து இந்த வேலைய பாக்காதீங்க, விசாவுக்கும் பிரச்சனை, வரிக்கும் பிரச்சனை.

இப்ப இந்தியா பக்கம். கான்ட்ராக்ட்னா நீங்க சம்பளக்காரர் இல்ல, ப்ரொஃபஷனல். 44ஏடிஏன்னு எல்லாரும் சொல்ற திட்டம் உங்களுக்கு நல்லா பொருந்தும், 2026 ஏப்ரல்ல புது வருமான வரி சட்டம் வந்து செக்ஷன் நம்பர் மாறினாலும் திட்டம் அதேதான். வருஷ வரவுல பாதிய லாபம்னு காட்டினா போதும், கணக்கு புத்தகம் எழுத வேண்டாம், ஐடி தொழிலும் அந்த லிஸ்ட்ல இருக்கு, வரவெல்லாம் பேங்க் வழியா வந்தா 75 லட்சம் வரைக்கும் போகலாம். உங்க 24 லட்சத்துல பாதி 12 லட்சம், புது ரெஜிம்ல, அதாவது புது வரி முறையில, 12 லட்சம் வரைக்கும் ரிபேட்ங்கிற வரித் தள்ளுபடி இருக்கிறதால டாக்ஸ் ஜீரோ. கேக்க நல்லா இருக்கு, ஆனா இந்த வருஷம் பழைய வேலைல வாங்கின சம்பளம், எஃப்டி வட்டி எல்லாம் மேல சேரும், சேர்ந்து 12ஐ தாண்டிச்சுன்னா டாக்ஸ் வந்துடும், அப்ப மார்ச் 15க்குள்ள அட்வான்ஸ் டாக்ஸ் கட்டிடணும் இல்லன்னா வட்டி போடுவாங்க. ஜீரோவா இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம் போடணும்.

அக்ரிமெண்ட்ட நல்லா படிச்சு பாருங்க. பேருக்கு கான்ட்ராக்டர்னு போட்டுட்டு உள்ள ஒன்பது டு ஆறு, வேற க்ளையன்ட் கூடாது, லீவுக்கு மேனேஜர் அப்ரூவல்னு இருந்தா "இது சம்பளம்தானே"ன்னு இங்க ஆபீசர் கேக்க இடம் இருக்கு, அப்படி ஆச்சுன்னா பாதி லாபம்ங்கிற சலுகை போயிடும்.

ஜிஎஸ்டி விஷயத்துல உங்க ஃப்ரெண்ட் சொன்னது சரிதான். வெளிநாட்டுக்கு செய்ற சர்வீஸுக்கு வரி பூஜ்யம், ஆனா அந்த வரவும் டர்ன்ஓவர்ல சேரும், 20 லட்சத்த தாண்டினா ரிஜிஸ்டர் பண்ணித்தான் ஆகணும், நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. ரிஜிஸ்டர் ஆன கையோட எல்யூடி போட்டுடுங்க, ஜிஎஸ்டி கட்டாமலே வெளிநாட்டுக்கு பில் போடுறதுக்கான உறுதிமொழிதான் அது, ஆன்லைன்லயே முடிஞ்சிடும், வருஷா வருஷம் புதுசா போடணும், அது இல்லாம பில் போட்டா 18% கட்டிட்டு ரீஃபண்டுக்கு அலையணும். டாலர் வரும்போது பேங்க்ல பர்பஸ் கோட், அதாவது பணம் எதுக்கு வருதுன்னு சொல்ற கோட், கேப்பாங்க, சாஃப்ட்வேர் கன்சல்டன்சிக்கு பி0802, தப்பித்தவறி குடும்பச் செலவுக்கு வந்த பணம்னு போட்டுடாதீங்க. ஒவ்வொரு பேமெண்ட்டுக்கும் வெளிநாட்டுப் பணம் வந்ததுக்கு பேங்க் தர்ற சான்று, எஃப்ஐஆர்சி இல்லன்னா எஃப்ஐஆர்ஏன்னு சொல்வாங்க, அத வாங்கி அந்த மாச இன்வாய்ஸோட சேத்து வச்சுக்கோங்க, எக்ஸ்போர்ட்னு நிரூபிக்க அதுதான் ஆதாரம்.

வேலைய விடலாமான்னு கேட்டீங்க. ரெண்டு லட்சத்த இப்ப வாங்குற சம்பளத்தோட நேரா ஒப்பிடாதீங்க. பிஎஃப்ல கம்பெனி போடுற பங்கு, கிராஜுவிட்டி, மெடிக்கல் இன்சூரன்ஸ், சம்பளத்தோட லீவு எதுவும் இனி கிடையாது, உடம்பு சரியில்லாம பத்து நாள் படுத்தா அந்த பத்து நாள் காசும் போச்சு. இப்ப வேலைல அஞ்சு வருஷம் முடிய கொஞ்ச மாசம்தான் பாக்கின்னா கிராஜுவிட்டிய விட்டுட்டு அவசரப்பட்டு கிளம்பாதீங்க. அவங்க காசு தராம போனா அமெரிக்கா போய் கேஸ் போடுறது நமக்கு ஆகிற காரியமில்ல, அதனால மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்காம ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ பேமெண்ட் கேளுங்க, நிறுத்துறதா இருந்தா முப்பது நாள் நோட்டீஸ்னு எழுதி வாங்குங்க. இந்த ரெண்டுக்கும் அவங்க ஒத்துக்கிட்டு கையெழுத்தான அக்ரிமெண்ட் கைக்கு வந்தப்புறம் இங்க ராஜினாமா குடுங்க.