தோட்டத்து வீட்டுக்கு ஃபைபர்: ஒன்றரை கிலோமீட்டர் ஒரு தூரமா?

கேள்வி: எங்கள் ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வந்துவிட்டது. அங்கிருந்து ஒன்றரை கி.மீ. தள்ளி, தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடும் இன்னும் மூன்று வீடுகளும் இருக்கின்றன. "அவ்வளவு தூரத்துக்கு சிக்னல் வராது" என்கிறார் கேபிள்காரர். வேறு வழி உண்டா? (பொள்ளாச்சி வட்டார வாசகர்)

பதில்: தூரத்தைக் காரணமாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுசெல்லும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்லும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்துடையது. ஒரே இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் முறை 20 கி.மீ. வரை எட்டக்கூடியது. இழையில் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) அளவில்தான் ஒளி குறையும். உங்கள் ஒன்றரை கிலோமீட்டருக்கு அரை டெசிபல். அழுக்குப் படிந்த ஒரே ஒரு கனெக்டர் அதைவிட அதிகம் தின்றுவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். இணையம் தருபவரின் பக்கத்திலிருந்து ஒளியை அனுப்பும் ஓஎல்டி கருவியிலிருந்து +3 டிபிஎம் ஒளி கிளம்புகிறது என்று வையுங்கள் (டிபிஎம் ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு; மைனஸில் இறங்க இறங்க ஒளி மங்கும்). 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர்களில் சுமார் 18 டெசிபல் போகும். மொத்தம் 5 கி.மீ. இழைக்கு 1.75, நான்கு கனெக்டருக்கு 2, ஆறு ஸ்பிளைசுக்கு (இழையை ஒட்டிய இடம்) 0.6. கூட்டினால் 22 சொச்சம். வீட்டுக்கு வந்து சேர்வது −19 டிபிஎம். மோடம் −27 வரை ஏற்கும். ஆக, 8 டெசிபல் கையிருப்பு.

கேபிள்காரர் சொல்வது உண்மையாகும் இடம் ஒன்றுண்டு. ஏற்கெனவே 32ஆகப் பிரித்த இழையின் நுனியில், உங்கள் நான்கு வீட்டுக்காக இன்னொரு 1:4 ஸ்பிளிட்டர் போட்டால் மேலும் 7 டெசிபல் போய், −26க்கு இறங்கிவிடும். முதலில் ஓடும்; பின்னால் ஒருமுறை கேபிள் அறுந்து ஒட்டியதும் நின்றுவிடும். அதற்குப் பதில், ஊருக்குள் இருக்கும் 1:8 ஸ்பிளிட்டரின் காலியான ஒரு முனையைத் தோட்டம் வரை தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். 1:4 பெட்டி தோட்டத்தில் இருக்கட்டும். 8 பெருக்கல் 4, அதே 32தான். ஒரே கேபிள், செலவு நான்காகப் பிரியும்.

உண்மையான செலவு கேபிளிலும் கம்பத்திலும்தான். ஒல்லியான டிராப் கேபிளையே ஒன்றரை கி.மீ. இழுத்துவிடுவது வழக்கமான தவறு. அது கடைசி நூறு மீட்டருக்கானது. தாங்குகம்பியோடு வரும் 4 கோர் (நான்கு இழை) மேல்நிலைக் கேபிள் கேளுங்கள். 40–50 மீட்டருக்கு ஒரு கம்பம், ஆக 30 முதல் 40 கம்பம். ஒரு கோர் ஓடும், மூன்று உதிரியாக நிற்கும். அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை 10 மீட்டர் சுருளாக விட்டால்தான் பின்னால் அறுந்ததை ஒட்ட முடியும். தென்னை மரத்தில் கட்டவே கூடாது: காற்றில் மரம் ஆடும், மட்டை விழும், அணில் கடிக்கும். மின்கம்பத்தில் கட்ட மின்வாரிய அனுமதி வேண்டும்.

இடியைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அதோடு வரும் எஃகுக் கம்பி கடத்தும். அந்தக் கம்பியைக் கடைசிக் கம்பத்திலேயே வெட்டி நிறுத்தி, இழையை மட்டும் வீட்டுக்குள் விடச் சொல்லுங்கள். இதைப் பலர் செய்வதில்லை.

பச்சை கனெக்டரின் முகம் 8 பாகை சாய்வானது, நீலத்தின் முகம் சாய்வற்றது. இரண்டையும் மாற்றிச் செருகினால் சில டெசிபல் வீணாகும்.

கேபிளே இல்லாமல் வானொலி அலை வழியாக (வயர்லெஸ்) இணைப்பும் வைக்கலாம். ஆனால் 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒன்றரை கி.மீ. என்றால், பாதி வழியில் நேர்க்கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். மழையில் நனைந்த தென்னை ஓலை வழியில் இருந்தால் வேகம் படுத்துவிடும். தோப்புக்குள் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். ஆனால் ஓஎல்டி இருக்கும் இடத்தில் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று முன்பே கேளுங்கள். அங்கே மின்சாரம் போனால் உங்கள் யுபிஎஸ்ஸால் பயனில்லை.

வேலை முடிந்த அன்றே வீட்டுக்கு வந்து சேரும் ஒளியைப் பவர் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லி, அந்த எண்ணையும் தேதியையும் மோடத்தின் அடியில் எழுதி ஒட்டுங்கள். −25க்குக் கீழே போனால் வேலையை ஏற்காதீர்கள். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தால் இழையில் ஒளியே வரவில்லை என்று பொருள். சிவப்பு எரியாமல் இணையம் விட்டுவிட்டு வந்தால் மறுபடி அளந்து, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். 3 டெசிபல் குறைந்திருந்தால் மோடத்தை மாற்ற வேண்டாம், கனெக்டர்களைத் துடைக்கச் சொல்லுங்கள்.