ஊதா நிறக் காக்காப்பொன் (அபிரகம்) என்றாலே அதில் லித்தியம் இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. நிறத்தை நம்பி நானே ஏமாந்திருக்கிறேன்.

முதுகலை படித்தபோது, சீட்டு உதிர்ந்துபோன இரண்டு அபிரகக் கற்களைக் கையில் கொடுத்து, லித்தியம் எதில் என்று கேட்டார்கள். ஒன்று ரோஜா நிறம், மற்றது அழுக்குப் பழுப்பு. யோசிக்காமல் ரோஜாவைக் காட்டினேன். அது மஸ்கோவைட், அதாவது சாதாரணக் காக்காப்பொன். லித்தியம் இருந்தது பழுப்புக் கல்லில், அது சின்வால்டைட் என்ற லித்திய அபிரகம்.

லித்தியம் அயனிக்கு நிறமே கிடையாது. லித்தியம் உள்ள ஊதா அபிரகமான லெபிடோலைட்டின் நிறம் மாங்கனீசு தருவது. பெக்மடைட் என்னும், பெரிய படிகங்கள் கொண்ட பாறைகளில் லித்தியமும் மாங்கனீசும் அடிக்கடி சேர்ந்தே வருவதால்தான் இந்தக் குழப்பம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள ஹார்டிங் சுரங்கத்து மஸ்கோவைட்டுக்கும் அழகான ரோஜா நிறம் உண்டு. செக் நாட்டு எல்லையில் சினோவெட்ஸில் கிடைக்கும் சின்வால்டைட்டோ, இரும்பு அதிகமாக இருப்பதால் பார்க்கவே மங்கல். (அது பெக்மடைட்டில் வருவதல்ல, கிரைசன் பாறையில், அதாவது சூடான திரவங்களால் மாறிப்போன கிரானைட்டில் வருவது.)

அபிரகத்தை நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும் இல்லையா? ஒவ்வொரு ஏட்டுக்குள்ளும் இரண்டு சிலிக்கா அடுக்குகள், நடுவில் அலுமினியமும் இரும்பும் மக்னீசியமும் உட்காரும் ஓர் அடுக்கு. லித்தியம் நுழைவது அந்த நடு அடுக்கில். அதன் அயனி ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம், மக்னீசியத்துக்கு 0.72, இரும்புக்கு 0.78. அளவு ஒத்துப்போகிறது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையில் இருப்பது பொட்டாசியம். அந்த இடத்தைப் பிடிப்பவை ருபீடியமும் சீசியமும். 1861இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் புன்சனும் கிர்க்காஃபும் ருபீடியத்தைக் கண்டுபிடித்தது லெபிடோலைட்டில்தான்.

இந்த ருபீடியம் களத்தில் கை கொடுக்கும். கையடக்க எக்ஸ்-ரே கருவிக்கு லித்தியம் தெரியாது, அவ்வளவு லேசான தனிமம். பொட்டாசியமும் ருபீடியமும் நன்றாகவே தெரியும். பாறைக்குழம்பு உறையும்போது ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் பொட்டாசியத்தை விரும்பி எடுத்துக்கொள்ள, மிச்சக் குழம்பில் ருபீடியம் ஏறிக்கொண்டே போகும். லித்தியமும் அப்படித்தான் கடைசிவரை தங்கும். ஆகவே அபிரகத்தில் பொட்டாசியம்-ருபீடியம் விகிதம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்குத் தேடிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. அறிகுறிதான், அத்தாட்சி அல்ல.

சரி, கருவி எதுவும் இல்லை என்றால்? மெல்லிய செதில் ஒன்றை இடுக்கியில் பிடித்து நீலச் சுடரில் காட்டுங்கள். லெபிடோலைட் என்றால் நுரைத்து உருகி, சுடரைக் கருஞ்சிவப்பாக்கும். மஸ்கோவைட் அவ்வளவு சுலபத்தில் உருகாது. சன்னலைத் திறந்து வையுங்கள், லெபிடோலைட்டில் ஃபுளூரின் உண்டு, அதன் ஆவி நச்சு. செதிலை விரலால் தொடாதீர்கள். முதல் தடவை எனக்கு வந்தது பளீரென்ற மஞ்சள் சுடர், எல்லாம் என் வியர்வை உப்பு.